சைலன்சரைக் கழற்றினால் வேகம் ஏன் குறைகிறது?

பழைய ஸ்கூட்டர் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, அதனிடமிருந்து இன்னும் சற்று வேகத்தைப் பெற வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது சைலன்சரில்தான். எஞ்சின் விடும் புகையை இந்தத் தகரப் பெட்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றும், அதைக் கழற்றிவிட்டால் எஞ்சின் தாராளமாக மூச்சுவிட்டு வண்டி பறக்கும் என்றும் அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டாலும் பொது அறிவுக்கு அது பொருத்தமாகவே தோன்றும். கழற்றிய பிறகு நேர்வதோ வேறு. தெருவே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் எழும். ஆனால் முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் இப்போது இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். மெக்கானிக்குகள் 'பிக்கப் போய்விட்டது' என்று சொல்வது இதைத்தான். தடையை நீக்கிய இடத்தில் சக்தி பெருகாமல் குறைவது எப்படி?

இதனோடு சேர்த்து இன்னொரு விசித்திரத்தையும் எண்ணிப் பார்க்கலாம். நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரின் எஞ்சின் 145 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. அது தந்த சக்தி ஏறக்குறைய 7.5 குதிரைத்திறன். 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 மோட்டார் சைக்கிளின் எஞ்சின் 98 கன சென்டிமீட்டர்தான். அது தந்ததோ 11 குதிரைத்திறன். இரண்டும் ஒரே வகை எஞ்சின்கள், இரண்டும் ஒரே பெட்ரோலைக் குடித்தவை. சிறியது பெரியதை வென்றதற்குக் காரணங்கள் பல உண்டு என்றாலும், அவற்றுள் முக்கியமான ஒன்று வண்டியின் பக்கத்தில் நீண்டு கிடக்கும் அந்தக் குழாயின் வடிவத்திலேயே இருக்கிறது.

வால்வு இல்லாத எஞ்சின்

இன்றைய மோட்டார் வண்டிகளில் உள்ள நான்கு வீச்சு எஞ்சினில், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை உள்ளே விடுவதற்கு ஒரு வால்வும் புகையை வெளியே விடுவதற்கு ஒரு வால்வும் தனித்தனியே இருந்து, ஒவ்வொன்றும் தன் நேரம் வந்தபோது மட்டும் திறந்து மூடுகிறது. உள்ளிழுத்தல், அழுத்துதல், எரிதல், வெளித்தள்ளல் என்ற நான்கு காரியங்களுக்கும் பிஸ்டன் தனித்தனியே ஒரு வீச்சை ஒதுக்குகிறது. மேலே சொன்ன இரு வண்டிகளிலும் உள்ள இருவீச்சு எஞ்சினில், அதாவது நாம் டூ ஸ்ட்ரோக் என்று வழங்குவதில், இந்த நான்கும் ஒரு முறை இறங்கி ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். இங்கிலாந்தில் பாத் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் டே என்பவர் 1891-இல் இதற்கு எளிமையான ஓர் உபாயம் கண்டு காப்புரிமை பெற்றார். பிஸ்டனுக்கு அடியில் கிராங்க் சுழலும் அறையையே ஒரு பம்பாக ஆக்கி, பிஸ்டன் ஏறும்போது கலவையை அந்த அறைக்குள் இழுப்பதும், இறங்கும்போது அதை அழுத்தி மேலே அனுப்புவதுமே அவருடைய உபாயம். அவரிடம் பணியாற்றிய பிரெடரிக் காக் என்பவர் பிஸ்டனின் பக்கச் சுவரையே வாயில் மூடியாகப் பயன்படுத்தி, எஞ்சியிருந்த தடுக்கிதழையும் நீக்கினார். சிலிண்டர் சுவரில் மூன்று துவாரங்கள், அவற்றைத் திறந்து மூடும் ஒரு பிஸ்டன்: இவ்வளவுதான் யந்திரம்.

மூன்றில் இரண்டு துவாரங்கள் நமக்கு இங்கே முக்கியம். புகை வெளியேறும் துவாரம் சிலிண்டர் சுவரில் சற்று உயரத்தில் இருக்கிறது. அதை வெளித்துவாரம் என்போம். கீழறையிலிருந்து புதிய கலவை மேலே வரும் துவாரம் அதைவிடத் தாழ்வாக இருக்கிறது. அதை ஏற்றுத்துவாரம் என்போம். பிஸ்டன் இறங்கும்போது முதலில் வெளித்துவாரம் திறந்து புகை பாய்கிறது. பின்னர் ஏற்றுத்துவாரம் திறந்து கலவை நுழைகிறது. பிஸ்டன் திரும்பி ஏறும்போதோ வரிசை தலைகீழாகிறது: தாழ்வாக உள்ள ஏற்றுத்துவாரம் முதலில் மூடிக்கொள்கிறது, உயரமாக உள்ள வெளித்துவாரம் இன்னும் திறந்தே இருக்கிறது. கலவை உள்ளே வந்து சேர்ந்தாயிற்று, அதற்குப் பின்னால் வழி அடைபட்டுவிட்டது, முன்னால் வழி திறந்திருக்கிறது, மேலே ஏறிவரும் பிஸ்டனோ அதை அந்த வழியாகவே தள்ளுகிறது.

இந்தச் சிறிய இடைவெளியில்தான் இருவீச்சு எஞ்சினின் பிறவிக் குறை அடங்கியிருக்கிறது. எரியாத பெட்ரோலில் நல்லதொரு பங்கு புகையோடு புகையாக வெளியே போய்விடுவது இதனால்தான். 1920-களில் ஜெர்மானியப் பொறியாளர் அடால்ஃப் ஷ்னூர்லே, ஏற்றுத்துவாரங்களைச் சாய்வாக அமைத்து, கலவையை வெளித்துவாரத்துக்கு எதிர்ச்சுவரை நோக்கி எழும்பச் செய்து, அது ஒரு சுழி சுழன்று இறங்குவதற்குள் நேரம் கழியும்படி ஏற்பாடு செய்தார். அதனால் சேதம் குறைந்தது, ஒழியவில்லை. வெளித்துவாரத்தைத் தக்க தருணத்தில் யாராவது வெளியிலிருந்து அடைத்துப் பிடித்தால் அல்லவா அது ஒழியும்? அந்த வேலையைத்தான் குழாய் செய்கிறது.

குழாயில் ஓடும் அலை

வெளித்துவாரம் திறக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் வாயு மிகுந்த அழுத்தத்தோடு குழாய்க்குள் பாய்கிறது. புகை என்ற பொருள் குழாயில் நகர்வது ஒன்று; அது தந்த உதையினால் எழும் அழுத்த அலை குழாயில் ஓடுவது வேறொன்று. அலை ஓடுவது ஒலியின் வேகத்தில். சாதாரணக் காற்றில் ஒலி விநாடிக்கு 340 மீட்டர் செல்லும். எஞ்சினின் சூடான புகையில் அது 500 மீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடுகிறது.

குழாயில் செல்லும் அலை குழாயின் வடிவம் மாறும் இடங்களில் எல்லாம் ஒரு பகுதி திரும்பி வருகிறது என்பதை நம் இசைக் கருவிகள் நெடுங்காலமாகவே பயன்படுத்தி வந்திருக்கின்றன. நாகசுரத்தின் சீவாளியில் எழும் அதிர்வு உலவின் வழியே ஓடி, அணசு விரியும் வாயில் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பி, சீவாளி திறந்து மூடும் கதியைத் தானே நிர்ணயிக்கிறது. வித்துவான் துளைகளை விரலால் மூடித் திறப்பது அந்தப் பிரயாணத்தின் தூரத்தை மாற்றுவதற்காகவே. ஸ்கூட்டரின் குழாயிலும் இதே விதிதான் செயற்படுகிறது. இதில் இரண்டு உண்மைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். குழாய் விரியும் இடத்தில் அழுத்த அலை உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகிறது. குழாய் குறுகும் இடத்தில் அழுத்த அலை அழுத்த அலையாகவே திரும்புகிறது.

இவ்விரண்டையும் ஒரே குழாயில் இணைத்ததே பந்தய வண்டிகளில் நாம் காணும் வயிறு பெருத்த குழாய். அதன் முன்பகுதி மெல்ல விரிகிறது. அதை அகல்கூம்பு எனலாம். நடுவே பருத்த வயிறு. அதன்பின் சட்டென்று குறுகும் குறுகுகூம்பு. கடைசியில் விரல் பருமனுள்ள வால். வெளித்துவாரத்திலிருந்து புறப்பட்ட அலை அகல்கூம்பை அடைந்ததும், அங்கிருந்து உறிஞ்சும் அலை ஒன்று திரும்பி வந்து, சிலிண்டரில் தங்கிய புகையை இழுப்பதோடு, ஏற்றுத்துவாரத்தின் வழியே புதிய கலவையையும் வேகமாக மேலே வரவழைக்கிறது. அந்த வேகத்தில் கொஞ்சம் கலவை வெளித்துவாரத்தையும் கடந்து குழாய்க்குள் போய்விடுகிறது. அதற்குள் மிச்ச அலை குறுகுகூம்பை அடைந்து, அழுத்தமாகவே திரும்பி வந்து, தப்பிப்போன கலவையைச் சிலிண்டருக்குள் மீண்டும் திணிக்கிறது. திணித்த கையோடு பிஸ்டன் ஏறித் துவாரத்தை மூடிவிடுகிறது.

சைலன்சரைக் கழற்றியவருக்கு நேர்ந்தது என்ன என்பது இப்போது விளங்கும். நேராகத் திறந்து கிடக்கும் குட்டைக் குழாயின் வாய் ஒரு விரிவுதான். அங்கிருந்து உறிஞ்சும் அலை மட்டுமே திரும்பி வரும். இழுப்பதற்கு ஆள் உண்டு, திரும்பத் தள்ளுவதற்கு ஆள் இல்லை. சிலிண்டருக்கு வந்த கலவையில் ஒரு பங்கு தெருவுக்குப் போகிறது. சத்தம் கூடிப் பலம் குறைகிறது.

ஒரு கணக்கு

குறுகுகூம்பு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? இதைக் கணக்கிடப் பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். உதாரணமாக லாம்பிரெட்டா எல்.ஐ. 150 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மிலான் நகரின் லாம்பிராட்டே பகுதியில் இன்னொசென்டி நிறுவனம் செய்த ஸ்கூட்டர் இது. அந்நிறுவனத்தின் ஸ்கூட்டர் யந்திர சாதனங்கள் பின்னர் இந்தியாவுக்கு விற்கப்பட்டு லக்னோவுக்கு வந்து சேர்ந்ததால், இதன் உறவினர்கள் நம் நாட்டிலும் ஓடியிருக்கின்றன. சிலிண்டர் துளையின் விட்டம் 57 மில்லிமீட்டர், பிஸ்டனின் வீச்சு 58 மில்லிமீட்டர், கொள்ளளவு 148 கன சென்டிமீட்டர்.

இந்த எஞ்சினைச் சற்றுத் திருத்தி, ஒரு சுற்றாகிய 360 பாகையில் 180 பாகை நேரம் வெளித்துவாரமும், 120 பாகை நேரம் ஏற்றுத்துவாரமும் திறந்திருக்கும்படி செய்திருக்கிறோம் என்று கொள்வோம். எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது. அப்படியானால் விநாடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் 10 பங்கு, அதாவது 10 மில்லி விநாடி. வெளித்துவாரம் திறந்திருப்பது அதில் பாதி, 5 மில்லி விநாடி. துவாரம் திறந்ததும் புறப்பட்ட அலை, அது மூடப்போகும் தறுவாயில் திரும்பி வந்து நிற்க வேண்டும். விநாடிக்கு 500 மீட்டர் ஓடும் அலை 5 மில்லி விநாடியில் இரண்டரை மீட்டர் ஓடும். போகவும் வரவும் சேர்ந்த தூரம் அது. ஆகவே குறுகுகூம்பு இருக்க வேண்டிய தூரம் அதில் பாதி, 125 சென்டிமீட்டர்.

நிமிஷத்துக்கு 8,000 சுற்றில்தான் பலம் வேண்டும் என்று ஒருவர் விரும்பினால்? அப்போது ஒரு சுற்றுக்கு 7.5 மில்லி விநாடி. துவாரம் திறந்திருப்பது 3.75 மில்லி விநாடி. தூரம் 94 சென்டிமீட்டர். முப்பது சென்டிமீட்டர் குட்டையான குழாய் வேறு ஒரு எஞ்சினையே உண்டாக்கிவிடுகிறது.

இனி, 8,000 சுற்றுக்கென்று அளந்து செய்த இந்தக் குழாயோடு வண்டியை 6,000 சுற்றில் ஓட்டுவோம். அலை தன் வழக்கப்படி 3.75 மில்லி விநாடியில் திரும்பி வந்துவிடுகிறது. துவாரம் மூட இன்னும் 1.25 மில்லி விநாடி இருக்கிறது. பாகையில் சொன்னால் 45 பாகை முன்னதாக வந்துவிட்டது. ஏற்றுத்துவாரம் மூடுவது, வெளித்துவாரம் மூடுவதற்கு 30 பாகை முன்பு. எனவே அலை வந்து சேரும்போது ஏற்றுத்துவாரம் இன்னும் திறந்தே இருக்கிறது; மேலே வர முயலும் கலவையை அது கீழறைக்கே திருப்பித் தள்ளுகிறது. பின்னர் அலை ஓய்ந்துபோக, வெளித்துவாரத்தைக் காப்பதற்கு எதுவும் இல்லை. எஞ்சின் இருமுகிறது, திணறுகிறது. திராட்டிலைத் திருக இன்னும் கொஞ்சம் சுற்று கூடியதும் ஓட்டுபவரே திடுக்கிடும்படி பாய்கிறது. 125 சென்டிமீட்டர் குழாயை 8,000 சுற்றில் ஓட்டினால் நேர்வது எதிர்மாறு: அலை வருவதற்குள் துவாரம் மூடிக்கொண்டுவிடும்.

சரியான அலை வந்து சேர வேண்டிய அந்த 30 பாகை, 6,000 சுற்றில், விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. குழாயின் நீளம் மாறாதது, அலையின் வேகம் பெரும்பாலும் மாறாதது, எஞ்சினின் சுற்று மட்டும் மாறிக்கொண்டே இருப்பது: ஆகையால் எந்தக் குழாயும் ஏதோ ஒரு குறுகிய சுற்று எல்லைக்குள்தான் உபகாரம் செய்யும். சேட்டக்கைப் போன்ற குடும்ப ஸ்கூட்டர்களை வடிவமைத்தவர்கள் அலையின் உதவியைப் பெரிதும் நாடாமல் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டது அறியாமையால் அன்று. கணவன், மனைவி, முன்னால் நிற்கும் குழந்தை, மளிகைப் பை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, சந்தைத் தெருவில் தாழ்ந்த சுற்றிலும் திணறாமல் இழுக்க வேண்டிய வண்டி அது.

ட்ஷோபாவ் ஊரில் விளைந்தது

இந்த அலைகளைத் துல்லியமாகக் கட்டி ஆண்டவர் வால்ட்டர் காடன். கிழக்கு ஜெர்மனியில் ட்ஷோபாவ் என்னும் சிற்றூரில், ஒரு காலத்தில் டி.கே.டபிள்யூ. நிறுவனத்துக்கு உரியதாயிருந்து பின்னர் எம்.இசட். என்று பெயர் மாறிய தொழிற்சாலையில், 1950-களில் பந்தயப் பிரிவை நடத்தினார். பணத்துக்கும் நல்ல உலோகத்துக்கும் தட்டுப்பாடாயிருந்த நிலையில், குழாயில் எழும் அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வை அலைகாட்டியில் பார்த்துப் பார்த்துக் குழாயின் வடிவைத் திருத்தி, 1961-இல் 125 கன சென்டிமீட்டர் எஞ்சினிலிருந்து 25 குதிரைத்திறன் பெற்றார். ஒரு லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற இந்த விகிதத்தை, காற்றை அழுத்தி ஊட்டும் துணைக்கருவி இல்லாத எஞ்சின் அடைந்தது அப்போதுதான். அதே ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பிச் சென்று சுஸுகி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த ரகசியங்களும் அவரோடு சென்றன. மறு ஆண்டே சுஸுகி வண்டியில் அவர் 50 கன சென்டிமீட்டர் பிரிவில் உலகச் சாம்பியன் ஆனார். ஜப்பானிய இருவீச்சு எஞ்சின்களின் பெரும் செழிப்பில் காடனுக்கு உரிய பங்கு பெரிது என்பதும், அதற்குத் தக்க பெயரும் பொருளும் அவருக்குக் கிட்டவில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

அரத்தை எடுக்கும் முன்

வீட்டில் எஞ்சினைத் திருத்த விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. வெளித்துவாரத்திலும் சைலன்சர் வாயிலும் படிந்த கரியை எடுப்பதாலேயே, போன சக்தி பாதி திரும்பிவிடும் வண்டிகள் உண்டு. கிராங்க் அறையே பம்பாக இருப்பதால், அதன் ஆயில் சீலோ பேக்கிங்கோ கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையை நீர்த்துப்போகச் செய்யும். அந்த நிலையில் துவாரத்தை அராவுவதும் புதுக் குழாய் பூட்டுவதும் எஞ்சினைக் கெடுப்பதற்கே வழி.

அடுத்தது அளவு. மேக்னெட்டைக் கழற்றி, கிராங்க் முனையில் பாகை குறித்த வட்டத் தகடு ஒன்றைப் பூட்டிக் கையால் சுற்றினால், ஒவ்வொரு துவாரமும் எந்தப் பாகையில் திறந்து எதில் மூடுகிறது என்பது தெரிந்துவிடும். சிலிண்டரைக் கழற்றி உள்ளே ஒரு காகிதத்தைச் சுருட்டி வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தால், துவாரங்களின் விளிம்பெல்லாம் காகிதத்தில் பதிந்து ஒரு வரைபடம் கிடைக்கும். இந்தக் காகிதம் இல்லாமல் அரத்தைத் தொடவே கூடாது என்பேன்.

நம் லாம்பிரெட்டாவில் வெளித்துவாரம் 160 பாகை திறந்திருப்பதாக அளந்தோம் என்றால், அதன் மேல்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் திறந்திருக்கும் நேரம் ஏறக்குறைய 4 பாகை கூடும். 180 பாகையை எட்டச் சுமார் 5 மில்லிமீட்டர் அராவ வேண்டும். அதற்குக் கொடுக்கும் விலையையும் அதே கணக்கு காட்டுகிறது. 160 பாகையில், எரிந்த வாயு பிஸ்டனை 38 மில்லிமீட்டர் தூரம் தள்ளிய பிறகே துவாரம் திறந்தது. 180 பாகையில் 33 மில்லிமீட்டரிலேயே திறந்துவிடுகிறது. உயர்ந்த சுற்றில் அலை வந்து இந்த நஷ்டத்தை ஈடுசெய்து மேலும் தரும். தாழ்ந்த சுற்றில் ஈடுசெய்ய எதுவும் வராது. கியர்கள் அகன்ற இடைவெளியில் அமைந்த ஸ்கூட்டரில், 8,000 சுற்றிலிருந்து அடுத்த கியருக்கு மாற்றியதும் சுற்று 6,000-க்கு விழுமானால், நாம் மேலே கண்ட இருமல் நிலைக்கே வண்டி ஒவ்வொரு முறையும் போய் நிற்கும். எனவே தினசரி ஓட்டத்துக்கு ஓரிரு மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அராவிய வார்ப்பிரும்பு திரும்பி ஒட்டாது.

அகலத்திலும் எல்லை உண்டு. துவாரம் துளை விட்டத்தில் மூன்றில் இரு பங்கைத் தாண்டினால், அதாவது இங்கே 38 மில்லிமீட்டரைத் தாண்டினால், பிஸ்டன் ரிங் வெளியே பிதுங்கி விளிம்பில் மாட்டிக்கொள்ளும் அபாயம் வளர்கிறது. அராவி முடித்த விளிம்புகளைக் கூர் இல்லாமல் மழுக்கிவிட வேண்டியதும் இதற்காகவே.

கொள்ளளவைப் பெருக்குவது இன்னொரு வழி. இன்னொசென்டியே தன் ஸ்கூட்டர்களில் 58 மில்லிமீட்டர் வீச்சை மாற்றாமல், துளையை 62 மில்லிமீட்டராக்கி 175-உம், 66 மில்லிமீட்டராக்கி 198-உம் கன சென்டிமீட்டர் பெற்றது. 1962-இல் வந்த 175 மாதிரியில் அந்நிறுவனம் எஞ்சினைப் பெரிதாக்கியதோடு முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் பொருத்தியது. வீட்டில் திருத்துபவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்தப் பாதியைத்தான். நம் நாட்டில் கொள்ளளவை மாற்றுவதற்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு.

உஷ்ணமும் ஜெட்டும்

அதிகக் காற்றை உள்வாங்கும் எஞ்சினுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும். குழாயை மாற்றிவிட்டுக் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையாகிய மெயின் ஜெட்டைப் பழையபடியே விட்டால் கலவை நீர்த்து, எரிதல் கடுஞ்சூடாகி, பிஸ்டன் அளவுக்கு மீறி விரிகிறது. பிஸ்டன் அலுமினியக் கலப்பால் ஆனது, சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் முன்னது பின்னதைப்போல் இரு மடங்குக்கு அருகில் விரியும். இடையே விட்டிருந்த மயிரிழை இடைவெளி மறைந்ததும் பிஸ்டன் சுவரைப் பற்றிக்கொள்கிறது. ஓடும் வண்டியில் பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். இந்த எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருகிறது என்பதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு கூடும் அதே வேளையில் வழவழப்பும் போய்விடும். நீண்ட இறக்கத்தில் திராட்டிலை மூடிக்கொண்டு உயர்ந்த சுற்றில் இறங்குவது கெடுதல் என்று பழைய மெக்கானிக்குகள் எச்சரிப்பதற்கும் காரணம் இதுவே.

ஆகையால் திருத்தம் முடிந்ததும், தேவை என்று தோன்றுவதைவிட இரண்டு மூன்று அளவு பெரிய ஜெட்டைப் போட்டே முதலில் ஓட்ட வேண்டும். கலவை மிகுந்திருந்தால் எஞ்சின் கரகரக்கும், புகை கக்கும், பிளக் நனையும், அவ்வளவே. ஆள் நடமாட்டமில்லாத நேர்சாலையில், ஹெல்மெட் அணிந்து, விரல்களைக் கிளட்ச் பிடியின் மேலேயே வைத்துக்கொண்டு, முழுத் திராட்டிலில் சிறிது தூரம் ஓட்டி, எஞ்சினை அணைத்த அதே கணத்தில் கிளட்சைப் பிடித்து நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பீங்கான் கறுத்து ஈரமாயிருந்தால் ஓர் அளவு சிறிய ஜெட். வெளுத்திருந்தால் உடனே பெரிய ஜெட். காப்பிக்கொட்டை வறுபட்ட பழுப்பில் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பெரிய ஜெட்டிலிருந்து சிறியதை நோக்கி ஒவ்வோர் அளவாக இறங்குவதே முறை. சிறியதிலிருந்து ஏறி வந்தவர்களுடைய பிஸ்டன்கள் மெக்கானிக் கடைகளின் மூலைகளில் குவிந்து கிடக்கின்றன.